திரும்பி வந்த கப்பலைப் பற்றி ஒரு தொடர் எடுங்கள்: தமிழ்த் தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் தொடர் எடுக்கும் தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கும், ஓடிடி தளங்களில் கதை தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். 1930-க்கும் 1933-க்கும் இடையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்து கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களைப் பற்றி ஒரு தொடர் எடுங்கள். போனவர்களைப் பற்றி அல்ல, திரும்பி வந்தவர்களைப் பற்றி.

போன கதை நமக்குத் தெரியும். ஆசை காட்டிக் கூட்டிப்போன கங்காணி, கப்பல், அட்டைக்கடி, காய்ச்சல், துரையின் பூட்ஸ் கால். தேயிலைத் தோட்டத்தை வைத்து அந்தக் கதை திரைக்கு வந்தும் இருக்கிறது. பார்த்தோம், அழுதோம். ஆனால் அந்தக் கதை எப்போதும் தோட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உலகச் சந்தை படுத்தபோது அந்த ஆட்களை என்ன செய்தார்கள், திரும்பி வந்து இறங்கியவர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. என் வீட்டில் இருந்தது அந்தக் கதைதான். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். 2008-இல் அவர் இறந்த பிறகு அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அப்பாயி பிறந்தது பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பர் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கித்தாக் காடு, பால்மரம், அவ்வளவுதான். அவருடைய அப்பாவும் அம்மாவும் துறையூர்ப் பக்கத்தில் இருந்து போனவர்கள். இரண்டு பேருமே பால் வெட்டினார்கள். தோட்டத்தில் பெரட்டு மணி விடியும் முன்னால்தான் அடிக்கும். இருட்டிலேயே எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள், கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பேர் வாசிப்பார், அவரவர் நிரைக்கு, மர வரிசைக்கு, போய்விடுவார்கள். அப்பாயிக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1931-இல், ஒரு நாள் அந்த மணி சாயங்காலம் அடித்தது. லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. மணி மாறி அடித்துவிட்டது என்று கத்திக்கொண்டே களத்துக்கு ஓடினார்களாம்.

அன்று பேர் வாசித்தது கிராணி இல்லை, கங்காணி. அப்பாயியின் அப்பாவுக்கு அவர் மாமன் முறை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்து இவர்களைக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஒவ்வொரு பேரையும் வாசித்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாராம். ஒரு பேர், ஒரு துடைப்பு. மற்றதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தது, இது மட்டும் நானே பார்த்தது என்பார் அப்பாயி. வாசித்த பேர்களெல்லாம் அடுத்த கப்பலுக்கு.

அந்த மணி ஏன் சாயங்காலம் அடித்தது என்பதற்கு விடை லண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. உங்கள் தொடரின் முதுகெலும்பே அதுதான் என்று நினைக்கிறேன். 1925-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேல் போன நாட்கள் உண்டு. உலகத்தில் விளைந்த ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்கா வாங்கியது, கார் டயருக்காக. தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. 1926 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் இருந்து மலாயாவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் போய் இறங்கினார்கள், பெரும்பாலும் தமிழர்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. கார் வாங்க ஆள் இல்லை. 1932-இல் அதே ஒரு பவுண்டு ரப்பர் இரண்டு பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். 48 இருந்த இடத்தில் இரண்டு.

கூலியும் விழுந்தது. 1928-இல் பேராக், சிலாங்கூர் போன்ற முக்கியமான இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தரக்கூலி நிர்ணயித்திருந்தார்கள். 1930-இல் அது 40, 32 ஆனது. அப்புறமும் இறங்கியது. ஊரில் இருந்து ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வேலை இல்லாதவர்களையும், குறைந்த கூலிக்குச் சம்மதிக்காதவர்களையும் இலவசமாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அதற்கான பணம் துரைமார் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய குடியேற்ற நிதியில் இருந்து வந்தது. அந்த நிதி 1907-இல் தொடங்கியபோது அதற்குத் தமிழர் பெயரே வைத்திருந்தார்கள். பின்னால்தான் இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. கூட்டி வரவும் அதே பணம், திருப்பி அனுப்பவும் அதே பணம். ஒரு குழாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது போல. சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள்.

நான் சரித்திர ஆசிரியன் இல்லை, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். அதனால்தானோ என்னவோ இந்த எண்கள் என்னை விடுவதில்லை. ஆனால் தொடருக்கு எண் போதாது என்பதும் தெரியும். கோழியைச் சொல்கிறேன்.

லயத்தில் எல்லோரும் கோழி வளர்த்தார்கள். சிலரிடம் ஆடு, ஒன்றிரண்டு பேரிடம் மாடு. அவசரத்துக்கு விற்கலாம் என்றுதான் வளர்ப்பது. சேமிப்பு என்றால் அவர்களுக்குக் கோழியும் காதுத் தோடும்தான். பேர் வாசித்த மறுநாள் பேர் வந்தவர்கள் எல்லோரும் கோழியை விற்கக் கிளம்பினார்கள். ஒரே வாரத்தில் ஒரு தோட்டமே கோழி விற்றால் வாங்க யார் இருப்பார்கள்? பக்கத்துத் தோட்டத்திலும் அதே நிலைமை. கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்களிடமும் காசு இல்லை. கடைசி இரண்டு நாளும் லயம் முழுக்கக் கோழிக் குழம்பு மணந்ததாம். அப்பாயி வாழ்நாளில் அத்தனை கோழிக் கறி தின்றதே இல்லையாம். அவருடைய அம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்த சீனர் ஒருவரும் அந்தக் கதையில் வருவார். கடன் நோட்டில் இவர்கள் பேருக்கு நேரே இருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் கடையும் அடுத்த மாதமே மூடப்போகிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். இப்படிப்பட்ட காட்சிகளை உங்கள் எழுத்தாளர்கள் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இது இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வர வேண்டும்.

கப்பலைப் பற்றி அப்பாயி அதிகம் சொன்னதில்லை. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தது, வாந்தி, பினாங்கு விளக்குகள். அப்பாயி வந்த கப்பலின் பெயர் எங்களுக்குத் தெரியாது. 1926-இல் கட்டிய ரஜூலா சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1970-கள் வரை ஓடிய கப்பல். மலேசியாவில் இன்றும் வயதானவர்களிடம் ரஜூலா என்று சொன்னால் போதும், பேச்சு எங்கேயோ போய்விடும்.

நாகப்பட்டினத்தில் இறங்கியவர்கள் எந்த ஊருக்கு வந்தார்கள் என்று பாருங்கள். முந்தின ஆண்டு, 1930 ஏப்ரலில்தான், அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் வேதாரண்யத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியில் இருந்து நடந்தே வந்து உப்பு எடுத்துச் சிறைக்குப் போயிருந்தார்கள். ஊரெங்கும் அதே பேச்சு. இவர்கள் கித்தாக் காட்டில் இருந்து வருகிறார்கள். யார் சிறையில் இருக்கிறார்கள், எதற்கு என்று ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கம், 1929 டிசம்பரில் பெரியார் மலாயா போயிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அவர் பேச்சைக் கேட்டிருந்தார்கள், கேட்டவர்கள் வந்து லயத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டும் சிலர் இறங்கியிருப்பார்கள். ஒரே துறைமுகத்தில் இரண்டு காலம் எதிரெதிரே வந்து நின்ற மாதிரி எனக்குத் தோன்றும்.

ஊருக்கு வந்தால் நெல் விலை பாதியாகக் கிடக்கிறது. மிராசுதாரே கடனில். அறுப்புக்கு ஏற்கெனவே இருக்கும் ஆட்களுக்கே வேலை இல்லை, இதில் கப்பலில் இருந்து இன்னும் நான்கு குடும்பம். சம்பாதித்துக்கொண்டு வருவான் என்று இருந்த சொந்தக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்கள். பெட்டியில் இருந்தது துணி, ஒரு தகர டப்பா, ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு, அதாவது கிண்ணம், நாலைந்து, ஒரு கறுப்புக் குடை.

அந்தக் குடையைச் சொல்லாமல் விட மாட்டேன். அப்பாயியின் அப்பா மலாயாவில் சட்டை போட்டுக்கொண்டு, மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடித்துக்கொண்டு சீனன் கடைக்குப் போய்வந்தவர். தோட்டத்தில் துரைக்கு முன்னால் குனிந்துதான் நின்றார், அதை மறைக்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் குடை பிடிக்க அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் நல்ல வெயிலில் பெரிய தெரு வழியாகக் குடை பிடித்து நடந்தார். திண்ணையில் இருந்து ஒருவர் எழுந்து, "கப்பல்ல போனா சாதி கரைஞ்சிடுமாடா?" என்று கேட்டிருக்கிறார். குடையை மடக்கச் சொன்னார்கள். மடக்கினார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். மகள் கூடவே நடந்துகொண்டிருந்தாள், அந்த மகள்தான் அப்பாயி. அந்தக் குடையை அவர் அதற்குப் பிறகு ஊருக்குள் விரிக்கவே இல்லை. துறையூர்ச் சந்தைக்குப் போகும்போது ஊர் எல்லை தாண்டிய பிறகு விரிப்பாராம்.

மலாயாவுக்குப் போனவர்களில் பெரும் பங்கினர் எங்களைப் போன்ற சேரிக்காரர்களும் நிலம் இல்லாத பிற ஏழைச் சாதியினரும்தான். திரும்பி வந்தது அவர்களுக்கு வெறும் வேலை இழப்பு இல்லை. இதைத் தொட்டால் பிரச்சினை வரும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். இதைத் தொடாமல் எடுத்தால் அது இந்தக் கதையே இல்லை என்று தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

அப்பாயியின் அம்மாவுக்கு நேர்ந்தது வேறு. தோட்டத்தில் அவருக்குச் சம்பளம் அவர் கையில் வந்தது. ஆணைவிடக் குறைவுதான், ஆனால் வெள்ளியும் காசுமாக அவர் விரலால் எண்ணி முடிச்சில் போட்டது. ஊரில் கூலி நெல்லாக வந்தது, அதையும் மரக்கால் கொண்டு வேறொருவர் அளந்தார். வெகுகாலம் வரை தூக்கத்தில் எண்ணிக்கொண்டே இருப்பாராம், ஒன்று, இரண்டு, மூன்று என்று. நானாக இருந்தால் இந்தத் தொடரின் மையத்தில் அந்த அம்மாவைத்தான் வைப்பேன்.

சரி, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன், ஒரு நாவலாசிரியரிடம் சொல்லலாமே என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னால் 'கார்னிவால்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். 2003-இல் இருந்து 2005 வரை ஹெச்பிஓ ஒளிபரப்பியது. கதை நடப்பது 1934, 1935-இல். அதே பொருளாதார வீழ்ச்சி, அத்துடன் ஓக்லஹோமா பக்கம் வயல்களைத் தின்ற புழுதிப் புயல். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பிழைக்கும் ஒரு வேடிக்கைக் காட்சிக் கூட்டத்தோடு ஓர் இளைஞன் சேர்ந்துகொள்கிறான். அதில் மாயமந்திரமும் உண்டு, நன்மைக்கும் தீமைக்குமான பெரிய போரும் உண்டு. என்னைப் பிடித்து வைத்தது அதெல்லாம் இல்லை. காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வருகிற ஊர்க்காரனிடமே காசு இல்லாதபோது அந்தக் கூட்டம் எப்படிச் சாப்பிடும் என்ற கவலை ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அந்தப் புழுதி அவர்கள் சட்டைக் காலரில், நகக்கண்ணில், ரொட்டியில் எல்லாம் இருந்தது.

2004-இல் அந்தத் தொடருக்கு ஐந்து எம்மி விருதுகள் கிடைத்தன. எதற்கெல்லாம் தெரியுமா? கலை இயக்கம், ஒளிப்பதிவு, ஆடை, சிகை அலங்காரம், தொடக்கப் பட வரிசை. ஐந்தும் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு. அந்தக் காலத்தை நம்ப வைத்ததற்கு. தொலைக்காட்சியால் மட்டும் முடிகிற காரியம் இது. இரண்டரை மணி நேர சினிமா ஒரு ஊரின் புழுதியை நமக்குப் பழக்க முடியாது. வாரா வாரம் பார்க்கிற தொடரால் முடியும். லயத்தின் அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறை பார்ப்பவருக்குத் தன் வீடு மாதிரிப் பழகிவிட வேண்டும். அப்போதுதான் அதைக் காலி செய்யும் நாள் வலிக்கும்.

அதனால்தான் ஆடையில் கவனம் கேட்கிறேன். நம் தொடர்களில் ஏழை வீட்டுப் பெண்ணும் இஸ்திரி போட்ட புடவையில்தான் வருகிறார். பால் வெட்டுகிற பெண்ணின் சேலையைப் பாருங்கள். ரப்பர்ப் பால் பட்ட இடம் முதலில் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் பழுப்பாகிக் கறுத்துவிடும், துவைத்தாலும் போகாது, துணி அந்த இடத்தில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த நாற்றமும் போகாது. அப்பாயியின் அம்மா ஊருக்கு வந்த பிறகும் இரண்டு வருஷம் அந்தச் சேலையைத்தான் உடுத்தினார். கித்தா வாடை அடிக்குது என்று கிணற்றடியில் பெண்கள் விலகி நின்றார்களாம்.

வேலையையும் காட்டுங்கள், முழுதாக. பால் வெட்டுவது கோடரி வேலை இல்லை. மரத்தின் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் ஏச்சு. கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் ஓடும், அதனால்தான் விடிவதற்கு முன் போவது. ஒரு ஆளுக்கு நூற்றுக்கணக்கான மரம். வெட்டிக்கொண்டே கடைசி மரம் வரை போய், திரும்ப முதல் மரத்தில் இருந்து மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்து நிறுவைக்கு நிற்க வேண்டும். நேற்று வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலையும் உரித்து எடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. இத்தனை கைத்திறமையும் நாகப்பட்டினத்தில் இறங்கிய நிமிஷம் ஒன்றுக்கும் ஆகாமல் போனது. எங்கள் ஊரில் சீவுவதற்கு என்ன மரம் இருக்கிறது?

கங்காணியை வெறும் வில்லனாக்கி விடாதீர்கள். தன் ஆட்கள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அந்தக் கணக்குப்படி அவருக்குத் தலைக்காசு. ஆட்களை அனுப்பும் பட்டியலை வாசித்த அன்றே அவருடைய பிழைப்பையும் அவரே வாசித்து முடித்தார். அவர் சுரண்டவில்லை என்று சொல்ல வரவில்லை. வட்டிக்குக் கொடுத்தார், அடித்தும் இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் அவரை மாமன் என்றுதான் கடைசி வரை சொன்னார்கள். இந்தச் சிக்கலைப் பிடிக்கிற எழுத்தாளர் உங்களிடம் இருக்கிறார் என்று நம்புகிறேன். கள்ளுக்கடையும் அப்படித்தான். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது, கூலியில் ஒரு பகுதி அங்கே போனது. அதற்காக எல்லா ஆணும் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற ஒரே காட்சியை எட்டு தடவை வைக்க வேண்டாம். அந்தக் கடைகளுக்கு உரிமம் கொடுத்தது யார் என்பதை ஒரு தடவை காட்டினால் போதும்.

பேச்சு மொழி. ஒரே லயத்தில் வட ஆற்காட்டுத் தமிழும் சேலத்துத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் இருந்தது, நடுவில் தெலுங்கும் மலையாளமும். கூடவே மலாய்ச் சொற்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அப்பாயி எண்பது வயதிலும் கிராமத்தைச் சில நேரம் கம்பம் என்பார். ரூபாயை வெள்ளி என்பார், பேரப்பிள்ளைகள் சிரிப்போம். எல்லோரையும் ஒரே சினிமா கிராமத்துத் தமிழில் பேச வைத்தால் அத்தனையும் போய்விடும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களும் நடிகர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆலோசனைக்கு மட்டும் கூப்பிடாமல் எழுதவும் நடிக்கவும் கூப்பிடுங்கள். இது அவர்கள் கதையும்தான். திருப்பி அனுப்பப்படாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

எத்தனை பகுதி என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 'கார்னிவால்' இன்னும் பல பருவங்கள் போக வேண்டிய கதை. செலவு தாங்காமல் 24 பகுதியோடு நிறுத்திவிட்டார்கள். கதை பாதியில் நிற்கிறது. எனக்கு அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கிறது. ஆயிரம் பகுதி இழுக்கவும் வேண்டாம், பாதியில் விடவும் வேண்டாம். பன்னிரண்டு பகுதி போதும். நான்கு தோட்டத்தில், ஒன்று கப்பலில், ஏழு ஊரில். ஊருக்குத்தான் அதிகம் வேண்டும்.

எடுக்க முடியாத கதையும் இல்லை. மலேசியாவில் பல பழைய ரப்பர் தோட்டங்கள் எண்ணெய்ப்பனையாக மாறிவிட்டன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர்க் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. இன்றும் விடியற்காலையில் தொழிலாளர்கள் பால் வெட்டுகிறார்கள். உங்கள் நடிகர்கள் அவர்களிடம் ஒரு மாதம் கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். கப்பலுக்கு முழுக் கப்பல் தேவையில்லை, மேல்தட்டு மட்டும் போதும், அங்கேதான் இவர்களை விட்டிருந்தார்கள். ஆதாரங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்திய அரசு மலாயாவில் ஏஜென்ட் என்று ஒரு அதிகாரியை வைத்திருந்தது. அவர் ஆண்டுதோறும் கூலி, வேலை, திரும்பியவர் கணக்கு எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதைப் படித்தாலே பாதித் திரைக்கதை கிடைக்கும்.

யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். 2020 ஏப்ரலில் எங்கள் ஊர் வழியாகப் போன நெடுஞ்சாலையில் ஒடிசாக்காரப் பையன்கள் ஆறு பேர் நடந்து போனார்கள். செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். சூளைக்காரர் கணக்கு முடிக்காமல் அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவன் கையில் ஒரு கூண்டு இருந்தது, உள்ளே இரண்டு கோழி. என் மனைவி தண்ணீர் கொடுத்தார். நான் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வளைகுடாவில் இருந்து வேலை போய்த் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் பார்ப்பார்கள்.

அப்பாயியின் அப்பா ஊரில் மூன்று வருஷம் தாக்குப் பிடித்தார். 1934-இல் ரப்பர் விலை ஏறத் தொடங்கியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறினார். குடையை எடுத்துப்போனார். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. அவர் அங்கேயே இருந்தார், பணம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போனார்கள் என்று யாரோ சொன்ன தகவல், அவ்வளவுதான். உங்கள் தொடரை அவர் இரண்டாவது முறை கப்பல் ஏறுகிற இடத்தில் நிறுத்தினால் போதும் என்பது என் எண்ணம். அடுத்து என்ன நடந்தது என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பால் மங்குகளில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாயி அதில்தான் உப்பு வைத்திருப்பார், இப்போது என் மனைவி வைத்திருக்கிறார். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் ஒரு இடம் உடைந்திருக்கும், உள்ளே அடியில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. படப்பிடிப்புக்கு வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். உப்பைக் கொட்டிவிட்டு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
துறையூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பள்ளி ஆசிரியர்